காது வரைந்தவன்

கச்சேரியில் பன்னிரண்டு பலகை தந்தார்கள்,
பலகைக்கு ஒன்றேகால் ரூபாய்.
அதுவரை நான் எழுதியதெல்லாம்
தோணிக்குப் பேர், மாட்டுவண்டிக்கு இலக்கம்,
மீராலெப்பையின் புடைவைக் கடைக்குக்
'கடன் கேளாதீர்.'

மாதிரிக்கு ஒரு சீமைப் படம்:
தொப்பிக்காரன் ஒருவன் தூணுக்குப் பின்னால் நின்று
யாரோ பேசுவதைக் கேட்கிறான்.
கீழே கொழும்பிலிருந்து வந்த ஒரு வரி,
'அசட்டைப் பேச்சு ஆளை மாய்க்கும்.'
பெரிய கிளாக்கர் பார்த்தலட் சொன்னார்:
"உள்ளபடி எழுது. மீன் கீன் வரையாதே.
வாவி மீன் பாடுமென்று துரைக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்,
அதையும் தடுத்தாலும் தடுப்பார்."

முதல் பலகை புளியந்தீவுச் சந்தையில்.
இரண்டு நாளில் ஊர் அதை வாசித்து முடித்தது.
எங்கள் பக்கம் தொப்பி போடுகிறவர் யார்?
துரை. டாக்குத்தர். இன்ஸ்பெக்டர்.
"கச்சேரிக்காரனுக்கு முன்னால வாயத் திறவாதேயெண்டு
கச்சேரியே எழுதிப் போட்டிருக்கு, நல்ல மனுசர்"
என்றான் நெல் ஏற்றி வந்த கதிராமப்போடி.

கழற்றச் சொன்னார்கள். தொப்பியை அழித்தேன்.
துருக்கித் தொப்பி வைத்தேன்,
மீராலெப்பை வழியில் மறித்து
"இது ஆர் தம்பி?" என்றார்.
குடுமி முடிந்தேன், போடிமார் முறைத்தார்கள்.
வெறுந்தலையாய் விட்டேன்,
நானே நின்றேன் தூணுக்குப் பின்னால்.

எதிரியை இங்கே கண்டவர் யார்?
ஆளை முழுக்க வெள்ளையடித்துவிட்டு
காதை மட்டும் வரைய முடிவு செய்தேன்,
பலகை நிறைய ஒற்றைக் காது.

விளக்கைக் கிட்ட வைத்து
தெய்வானைப்பிள்ளையை அசையாமல் இருத்தினேன்.
அரிசி எட்டாத விலைக்குப் போன மாதம்
அவள் தோடு ஈட்டுக்குப் போயிருந்தது.
துளை தூர்ந்துபோகாமல் ஒரு வேப்பங்குச்சி.
குச்சியையும் வரைந்தேன்.
கண்டதைத்தான் கை எழுதும் என்று
ஒரு பெருமை எனக்கு.

பன்னிரண்டு இடத்தில் என் பெண்சாதியின் காது.

கிணற்றடியில் அவள் குடத்தை வைத்ததும்
கதைத்துக்கொண்டிருந்தவர்கள்
கயிற்றைப் பார்த்தார்கள்.
உப்புக் கேட்டால் உப்புத் தந்தார்கள்.
பக்கத்து வளவில் பிள்ளை பிறந்ததை
குரவை கேட்டுத்தான் அறிந்தாள்,
ஆணா பெண்ணா என்று
எண்ணிப் பார்த்துக்கொண்டாள் எத்தனை குரவையென்று.
மறுகா என்னிடமும் பேச்சு குறைந்தது.

சித்திரை வருசத்துக்கு நாலைந்து நாள் கிடக்க
கிழக்கே கடலில் இடி. மேலே மழைக்கார் இல்லை.
கல்லடிக் கரையில் நின்றவர்கள் புகையைக் கண்டார்கள்.
பொழுதுபடும் நேரம்
எண்ணெய் அப்பிய இரண்டு பேரை
வலைத்தோணியில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள்,
கழுவும்வரை
வெள்ளைக்காரர் என்றே தெரியவில்லை.
ஒருவன் பல் கிடுகிடுக்க எதையோ சொல்லிக்கொண்டே இருந்தான்.
எங்களுக்கு விளங்காத பாசை,
ஆனாலும் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

கப்பல் வருவதை யார் சொன்னது என்று விசாரணை.
அதன் பேர்கூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது.
ஆகாயத்தில் வந்தவனுக்கு
எங்கள் வாய் எதற்கு, கண் இருந்ததே
என்று சொல்ல நாக்கு எழுந்தது.
சுவரில் என் கையெழுத்தே என்னைப் பார்த்தது.

அவளையும் கூப்பிட்டார்கள்.
"மூணு கிழமையா எனக்கு
ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல்ல ஐயா."
பார்த்தலட் அதை அப்படியே எழுதிக்கொண்டு
பேனாவை மைக்கூட்டில் போட்டுவிட்டு
ஒள்ளுப்ப நேரம் சும்மா இருந்தார்.

அன்று இரவு இருட்டடிப்பு. ஒரு விளக்கும் இல்லை.
சந்தைப் பலகையைத் தடவிக் கண்டுபிடித்து
குச்சி இருந்த இடத்தில்
மஞ்சள் சாயத்தால் ஒரு தோடு வைத்தேன்.
விடிந்து பார்த்தால் சற்றுக் கோணல்,
காதுக்குப் பெரிசும்கூட.

காலையில் குடம் தளும்ப வந்தாள்,
இறக்காமலே கதவைச் சாத்தினாள்,
யுத்தச் செய்தி சொல்பவளைப்போலக் கிட்ட வந்து,
மெல்ல:

"கிணத்தடியில கேக்கிறாளுகள்,
'என்னகா, தோடு மீட்டாச்சா?'"